பதுளைப் புகையிரதப் பாதை: ஒரு நாட்பயணமும் அதன் வரலாறும்

கொழும்பிலிருந்து பதுளை வரை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளும் புகையிரதப் பாதையை இயற்கையெழில் காட்டும் பாதையென்றே இன்று பலரும் அறிவர். நானுஓயாவில் காலையில் ஏறி, இடையிடையே இறங்கிப் பார்த்துப் பதுளையை அடைய ஒரு பகற்பொழுது போதும். அப்பாதை எதற்காக அமைந்தது, அதில் ஏறியவர் யாவர், நடந்தே சென்றவர் யாவர் என்னும் வினாக்களோடு அதே பயணத்தை மேற்கொள்வோர்க்கு வேறு சில காட்சிகளும் புலப்படும்.

கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். யப்பானில் முதற்பாதை திறக்கப்பட்டதற்கு ஐந்தாண்டுகள் முன்னர் இது நிகழ்ந்தது. இவ்விரைவுக்குக் காரணம் கோப்பி. ஆனால் 1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிற் காணப்பட்ட இலைநோய் அக்கோப்பியை அழிக்கத் தொடங்கியது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின, பாதையும் மலையேறிற்று. 1885இல் நானுஓயா, 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. 1886இல் தனி மாகாணமாகிய ஊவாவின் துரைமார் வேண்டிநின்றது தம் தேயிலை துறைமுகஞ் சேர ஒரு வழியையே.

அத்தேயிலையை நட்டவர்கள் எவ்வாறு வந்தனர்? தமிழகத்துக் கிராமங்களினின்றும் புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை கங்காணியின் பின்னே நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். ஊவாவுக்கு வந்தோர் அதற்கப்பாலும் நடக்க வேண்டியிருந்தது. தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது 1914இலேயே. தேயிலைப் பெட்டி மலையிலிருந்து புகையிரதத்தில் இறங்கத் தொடங்கிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரே தொழிலாளி கடற்கரையிலிருந்து அதில் ஏறினான் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பட்டிப்பொலவுக்கு அப்பால் 1,898 மீற்றர் உயரத்திற் பாதை தன் உச்சியைத் தொடுகின்றது. அங்குள்ள சுரங்கத்தைக் கடந்தால் ஊவா. ஒருபுறம் மழையும் மறுபுறம் வெயிலுமாக இருப்பதும் உண்டு. அப்புத்தளையில் மலைமுகடு கத்திமுனைபோற் குறுகுகின்றது. தெளிந்த நாளில் தென்சமவெளி முழுவதும் காலடியில் விரியும். 1890இல் லிப்டன் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டத்தைக் காணவே பயணிகள் இங்கு இறங்குவர். தெற்கே இறங்கும் சாலையில் பெரகலையை அடைந்து கிழக்கே கொஸ்லந்தைக்குச் செல்வோர் சிலரே. செல்வோரும் தியலும நீர்வீழ்ச்சியை நாடியே செல்வர்.

அவ்வழியில் உள்ளது மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து அத்தோட்டத்து லயங்களை மூடியது. அந்நிலம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என வினவியோர் உளர். எங்கே செல்வது? தலைமுறைகளாகத் தோட்டத்தில் உழைத்தும் வீடு கட்டத் துண்டு நிலமும் சொந்தமாக இல்லாதோரை நோக்கி எழுப்பப்பட்ட வினா அது. உயிர் தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கியிருந்து, 2016இலேயே புதிய வீடுகளைப் பெற்றனர்.

மீண்டும் பாதைக்கு வருவோம். தியத்தலாவையில் 1900இல் போயர் யுத்தக் கைதிகள் ஆயிரக்கணக்கில் சிறைவைக்கப்பட்டனர். பண்டாரவளையில் நின்றுவிட்ட பாதை பதுளையை அடைய மேலும் முப்பதாண்டுகள் சென்றன. காரணத்தை எல்லவுக்கு அப்பால் எவரும் கண்ணாற் காணலாம். தெமோதரையில் நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி, குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே வெளியேறுகின்றது. செங்குத்தான இறக்கத்தை வெல்லப் பாதையை நீட்டிய உபாயம் இது. ஒன்பது வளைவுப் பாலம் பற்றியோ, உருக்கு முதல் உலகயுத்தத்திற்குப் போய்விட்டமையாற் கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது என்னும் கதை வழங்குகின்றது. சுவையான கதைதான், கல் சுமந்தவரைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

1924 ஏப்ரில் 5ஆந் திகதி பதுளை நிலையம் திறக்கப்பட்டது. நாற்பதாண்டுகளின் பின், 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்கள் அவர்கள். தேயிலையை இறக்க வந்த பாதை இப்போது மக்களை இறக்கியது. தோட்டத்து மக்கள் ‘கோச்சி’ என்றழைத்த அவ்வண்டியில், ஒரே குடும்பத்திற் சிலர் ஏறினர். சிலர் மேடையில் நின்றனர். பொல்காவலையில் வடக்கே திரும்பித் தலைமன்னார் சேர்ந்து, கப்பலேறி இராமேசுவரம் அடைந்தனர். பாட்டன்மார் பலநாள் நடந்து வந்த காட்டுவழித் தூரத்தைப் பேரர்கள் ஒரு நாளைக்குள் எதிர்த்திசையிற் கடந்தனர்.

1984இல் அக்கப்பற்சேவை நின்றது. 2023 ஆகத்தில், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஓர் அணி மீண்டும் கால்நடையாகவே சென்று சேர்ந்தது.