கண்ட்ரோலர் ரிப்பேர் இல்ல... செட்டிங்தான்! கம்ப்யூட்டரில் பழைய வீடியோ கேம் ஆடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் காலத்து கேம்களை இப்போது சாதாரண கம்ப்யூட்டரிலேயே ஆட முடியும். பழைய கன்சோல் போலவே கம்ப்யூட்டரை நடந்துகொள்ள வைக்கும் சாஃப்ட்வேருக்குப் பெயர் எமுலேட்டர். கீபோர்டில் ஆடினால் அந்தப் பழைய சுகம் வராது என்று பலர் கண்ட்ரோலர் வாங்குகிறார்கள். ஆனா, மாட்டியதும் ஒரு பட்டனை அழுத்தினால் வேறு ஏதோ நடக்கும், அல்லது ஸ்டிக் வேலையே செய்யாது. 'பீஸ் சரியில்ல' என்று திருப்பி அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்க. பல நேரங்களில் கோளாறு கண்ட்ரோலரில் இருக்காது.

நடுவில் என்ன நடக்கிறது?

நீங்கள் அழுத்தும் பட்டன் நேராக கேமுக்குப் போவதில்லை. முதலில் அது விண்டோஸுக்குப் போகிறது. பிறகு எமுலேட்டர் அதைத் தன்னிடம் உள்ள ஒரு கற்பனை கண்ட்ரோலரின் பட்டனாக மாற்றிக்கொள்கிறது. ரெட்ரோஆர்க் எமுலேட்டரில் இதற்கு 'ரெட்ரோபேட்' என்று பெயர். கடைசியில்தான் கேம். எந்தக் கட்டத்தில் சிக்கல் என்று வரிசையாகப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் விண்டோஸைக் கேளுங்க

விண்டோஸ் தேடலில் 'கேம் கண்ட்ரோலர்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால், யுஎஸ்பி கேம் கண்ட்ரோலர் அமைப்பு வரும். அதில் உங்கள் கண்ட்ரோலரைத் தேர்வு செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். ஒவ்வொரு பட்டனையும் அழுத்தும்போது திரையில் விளக்கு எரிகிறதா? எரிந்தால் கண்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு.

விண்டோஸில் தெரியுது, எமுலேட்டரில் தெரியலையா?

விண்டோஸில் கண்ட்ரோலர்கள் பேசும் முக்கியமான முறைகள் இரண்டு. பழையது டைரக்ட்இன்புட். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் வந்தது எக்ஸ்இன்புட். எக்ஸ்பாக்ஸ் வகை கண்ட்ரோலர்கள் மாட்டியதும் வேலை செய்வதற்கு இதுதான் காரணம். பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர், விலை குறைந்த யுஎஸ்பி கண்ட்ரோலர் என்றால் ரெட்ரோஆர்க்கின் செட்டிங்ஸில் 'டிரைவர்ஸ்' பகுதிக்குப் போய், கண்ட்ரோலர் டிரைவரை 'எஸ்டிஎல்2' என மாற்றி, எமுலேட்டரை மூடித் திறந்து பாருங்கள்.

எழுத்தைப் பார்க்காதீங்க, இடத்தைப் பாருங்க

அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். சூப்பர் நின்டெண்டோவில் 'பி' கீழே, 'ஏ' வலது பக்கம். எக்ஸ்பாக்ஸில் 'ஏ' கீழே, 'பி' வலது பக்கம். 'எக்ஸ்', 'ஒய்' பட்டன்களும் அப்படியே இடம் மாறியிருக்கும்.

எழுத்துக்கு எழுத்து பொருத்தினால் ஆட்டமே கெட்டுவிடும். உதாரணத்துக்கு சூப்பர் மரியோ வேர்ல்டு கேமில் இடது பட்டனை அழுத்திக்கொண்டே ஓட வேண்டும். அதே கட்டைவிரலைச் சாய்த்து கீழ் பட்டனில் தாவ வேண்டும். இடம் மாறினால் விரலுக்கு அந்த வசதி போய்விடும். அதனால் கீழ் பட்டனுக்குக் கீழ் பட்டன், இடதுக்கு இடது என்றே பொருத்துங்கள். திரையில் 'பி' அழுத்தச் சொன்னால், எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் கீழே உள்ள 'ஏ'-வை அழுத்த வேண்டும். ரெண்டு நாளில் கை பழகிடும்.

ஸ்டிக் அசையலையா?

1994-ல் வந்த முதல் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரில் ஸ்டிக்கே கிடையாது. டூயல்ஷாக் 1997-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பல கேம்களுக்கு ஸ்டிக் என்றால் என்னவென்றே தெரியாது. ரெட்ரோஆர்க்கின் கண்ட்ரோல்ஸ் பகுதியில் 'அனலாக் டு டிஜிட்டல்' என்பதை 'லெஃப்ட் அனலாக்' என்று வைத்தால், ஸ்டிக் திசை பட்டன் போல வேலை செய்யும்.

ஒரு முறை அழுத்தினால் ரெண்டு முறை விழுதா?

ஸ்டீம் போன்ற வேறு சாஃப்ட்வேர் பின்னணியில் ஓடுகிறதா என்று பாருங்கள். அது அதே கண்ட்ரோலரை இன்னொரு கண்ட்ரோலராகவும் காட்டலாம். அப்போது ஒரே அழுத்தம் இரண்டாகப் பதிவாகும். அதை மூடிவிட்டு ஆடுங்கள். அழுத்தியதற்கும் அசைவதற்கும் இடையே தாமதம் தெரிந்தால், புளூடூத்தை விட்டு வயரில் இணைத்துப் பாருங்கள்.

சேவ் செய்ய மறக்காதீங்க

ஒரு கேமுக்கு மட்டும் பட்டனை மாற்றினால், அதை அந்த கேமுக்கான 'ரீமேப் ஃபைல்' ஆகச் சேமியுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மறுபடி முதலில் இருந்து செய்ய வேண்டி வரும்.

இதில் எந்தக் கட்டத்துக்கும் செலவு இல்லை. விண்டோஸ் சோதனையிலேயே ஒரு பட்டன் எரியவில்லை, வேறு கேபிள், வேறு யுஎஸ்பி போர்ட் மாற்றியும் அதே கதை என்றால் மட்டும் கண்ட்ரோலரைத் திருப்பிக் கொடுங்கள்.