காலத்தைப் பகுத்த சொல்

காலத்தைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஆயினும் அதற்குப் பெயரிட்டனர் மக்கள். செர்மானியர் இட்ட பெயர் ‘த்சைட்’. ஓரசைச் சொல்தான். ஆயினும், அதனுள் உறங்கும் வரலாறு பெரிது!

பழைய உயர் செர்மனில் இச் சொல் ‘த்சீட்’ என வழங்கியது. தெற்கே ஒலி திரிந்தபோது சொல்லின் தலையில் நின்ற டகரம் ‘த்ச’ ஆயிற்று, வடக்கே திரியவில்லை. ஆங்கிலத்தின் ‘டைடு’ இதன் உடன்பிறப்பு. முதலில் காலத்தைக் குறித்த அச் சொல், குறித்த வேளையில் ஏறி இறங்கும் கடலோதத்துக்குப் பின்னரே பெயராயிற்று. ‘டைம்’ என்பதும் இக் குடும்பத்ததே. வேரின் பொருள் பகுத்தல் என்பர் மொழிநூலார். உழ ஒரு பங்கு, உண்ண ஒரு பங்கு, உறங்க ஒரு பங்கு என எல்லையற்றதை மனிதன் அறுத்தெடுத்தான். உழைத்தவன் வகுத்த பங்கே காலம்!

சொல் கிளைத்தது. ‘உயர்ந்த காலம்’ எனப் பொருள்படும் ‘ஹோக்த்சைட்’ ஒருகாலத்தில் எப் பெருவிழாவையும் குறித்தது. இன்று பெரும்பாலும் திருமணத்தையே குறிக்கிறது. ‘த்சைட்டுங்’ 1300ஆம் ஆண்டையொட்டிக் கொலோன் வட்டாரத்தில் ‘செய்தி’ எனும் பொருளில் தோன்றியது. 1650இல் லைப்சிக்கில் ரிட்சு தொடங்கிய நாளேட்டின் பெயரிலும் அதற்கு அப்பொருளே. பின்னர் அது செய்தி தாங்கும் தாளுக்கே பெயராயிற்று.

இத்தகைய சொல் வரலாறுகளைத் தொகுக்க முனைந்தோர் யாக்கோபு கிரிம், வில்லெல்ம் கிரிம் எனும் உடன்பிறந்தார். 1837இல் அனோவர் மன்னன் எர்ன்ஸ்ட் அகஸ்ட் அரசியற் சட்டத்தைச் செல்லாதென்றான். கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுவர் எதிர்த்தனர்; எழுவரும் பதவி இழந்தனர். அவருள் இருவர் கிரிம் உடன்பிறந்தார். யாக்கோபு நாடு கடத்தப்பட்டார். வேலையிழந்த அக் கைகளே 1838இல் செர்மன் அகராதிப் பணியை ஏற்றன.

முதல் தொகுதி 1854இல் வந்தது. 1859இல் வில்லெல்ம் மறைந்தார். 1863இல் யாக்கோபு மறைந்தபோது பணி ‘கனி’ எனும் பொருளுடைய ‘ஃபுருக்ட்’ என்ற சொல்லில் நின்றது. ‘த்சைட்’ தொடங்குவதோ நெடுங்கணக்கின் கடைசி எழுத்தில்! காலம் எனும் சொல்லை எட்டுமுன் அவர்தம் காலம் முடிந்தது. பிறர் தொடர்ந்தனர். நாடு இரண்டானபின்னும் பெர்லினும் கோட்டிங்கனும் கூடி உழைத்து, 1961 சனவரியில் பணியை முடித்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பெர்லின் நடுவே சுவர் எழுந்தது!

1866இல் அனோவர் அரசு பிரஷ்யாவில் கரைந்தது. 1989இல் பெர்லின் சுவர் திறந்தது. 32 தொகுதி அகராதி நிலைத்து நிற்கிறது. ஆணையிட்டவர் பங்கு எது, உழைத்தவர் பங்கு எது என்பதைக் காலமே பகுத்துக் காட்டிவிட்டதன்றோ!