இளைத்தல் என்றொரு சொல்

உத்தமபாளையத்திலிருந்து மேகமலை அடிவாரத்தை நோக்கிச் செல்பவர்கள் சண்முகாநதி அணைக்கு அருகே ராயப்பன்பட்டியைக் காணலாம். திராட்சைப் பந்தல்களும் தேவாலயமும் பள்ளிக்கூடங்களும் கொண்ட ஊர். அவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நமக்கு நெடுநாள் பழக்கம். 92 கிலோ எடையிலிருந்த அவர், ஒன்றரை ஆண்டுக்குள் 68 கிலோவுக்கு வந்து சேர்ந்தார். உடற்பயிற்சிக்கூடம் எதிலும் அவர் சேரவில்லை. விளம்பரத்தில் வரும் மாவு எதையும் கரைத்துக் குடிக்கவுமில்லை. வீட்டிலிருந்தபடியே உண்பதைக் குறைத்தார். விடியற்காலையில் அணைக்கட்டு வரை நடந்து திரும்பினார். திராட்சை எடை போடும் மேடைத் தராசில் மாதம் ஒருமுறை ஏறி நின்று, எடையைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அவ்வளவுதான்.

எடை குறைந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. ஊருக்கோ அது துக்கச் செய்தி. "என்ன சார், இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? சுகரா?" என்று வழியில் கண்டோரெல்லாம் கேட்டனர். சின்னமனூரில் வாழ்க்கைப்பட்ட அவருடைய மூத்த அக்கா, தம்பியைப் பார்த்ததும் அழுதேவிட்டாராம். "நான் இளைத்துவிட்டேன் என்று சொல்லும்போதெல்லாம் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது. இதற்கு நம் மொழியில் ஒரு நல்ல சொல் கிடையாதா?" என்று அவர் நம்மிடம் கேட்டார். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் கேட்கத்தக்க கேள்விதான். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. தேடிப் போனபோது கண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். இளைத்தல் என்பதற்கு மெலிதல் என்ற பொருளோடு களைத்தல், பின்வாங்குதல், தோற்றல் என்ற பொருள்களும் உண்டு. 'நான் யாருக்கும் இளைத்தவனில்லை' என்று இன்றும் பேசுகிறோம். மெலிந்தவன் என்றாலும் வலிமையற்றவன் என்பதே முதலில் தோன்றும் பொருள். மாறாக, சற்றே சதைப்பிடிப்பாக இருப்பவர்களைப் 'பூசினாற்போல் இருக்கிறார்' என்று சொல்வது பாராட்டு. பெண் பார்த்துவிட்டு வருபவர்கள் நேற்றுவரை மகிழ்ச்சியோடு பயன்படுத்திய தொடர் அது.

இலக்கியமும் இதற்கு விலக்கன்று. அகப்பாடல்களில் தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்ந்து கழல்கிறது, தோள் வாடுகிறது. பிரிவின் துயரை உடம்பு ஊருக்கு அறிவித்துவிடுகிறது என்பதே அங்குள்ள சிக்கல். திருக்குறளின் காமத்துப்பாலில் உறுப்புநலன் அழிதல் என்று இதற்கெனவே ஓர் அதிகாரம் இருக்கிறது. தொல்காப்பியக் களவியல் காதலின் நிலைகளை வரிசைப்படுத்துகையில் மெலிதலை மூன்றாவதாக வைக்கிறது. அவ்வரிசை சாக்காட்டில் போய் முடிகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. புறத்திலோ மெலிவுக்குக் காரணம் பசி. பெருஞ்சித்திரனாரின் புறநானூற்றுப் பாடல்களில் அவருடைய வீடே பசியால் வாடி நிற்பதைப் பார்க்கிறோம்.

தானாக விரும்பி உடம்பைக் குறைத்துக்கொண்டவர்கள் இல்லாமலில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்தான். காரைக்கால் அம்மையார் தம் தசையை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். முன்னது மானத்துக்காக, பின்னது இறைவனுக்காக. உலக வாழ்வை விடுவதற்கு உடம்பைக் குறைத்தவர்கள் இவர்கள். இவ்வுலகில் இன்னும் சில ஆண்டுகள் நலமாக இருப்பதற்காக உடம்பைக் குறைத்த ஒருவரை நம் பழைய இலக்கியத்தில் நாம் காணவில்லை.

*

அப்படிப்பட்ட ஒருவரைக் காண இலண்டனுக்குப் போகவேண்டியிருக்கிறது. வில்லியம் பேன்டிங் என்பவர் அங்கே ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்தார். அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளை நடத்திக்கொடுத்த குடும்பம் அவருடையது. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். 1862 ஆகஸ்டில், 66ஆம் வயதை நெருங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய எடை 202 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 92 கிலோ. நம் ஆசிரியர் தொடங்கிய அதே எடை. குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட இயலாது. மாடிப்படியில் பின்புறமாகத்தான் இறங்குவார். மருத்துவர்கள் பலரிடம் சென்று பார்த்தார். படகு வலிக்கச் சொன்னார்கள், வலித்தார். பசிதான் கூடியது. நீராவிக் குளியலும் கடற்காற்றும்கூட உதவவில்லை.

காது மந்தமாகிறதே என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் சென்றார். பாரிஸில் உடலியல் அறிஞர் கிளாட் பெர்னாரின் சொற்பொழிவுகளைக் கேட்டு வந்திருந்த ஹார்வி, இவருடைய குறைக்குக் கொழுப்பே காரணம் என்று கருதி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விடச் சொன்னார். பேன்டிங் வீட்டிலிருந்தபடியே அதைக் கடைப்பிடித்தார். தேதி போட்டு எடையைக் குறித்துவைத்தார். ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் 46 பவுண்டு குறைந்தது. 1863இல் தம் அனுபவத்தைப் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாக எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அச்சிறு நூல் பல பதிப்புகளைக் கண்டது. அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று. ஸ்வீடன் மொழியில் உணவைக் குறைத்து எடை இறக்குவதற்கு இன்றும் 'பான்டா' என்பதே சொல். நம் ஆசிரியர் தேடிய நல்ல சொல் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. தானே முயன்று இளைத்த ஒரு மனிதரின் பெயர் அது.

நமக்கு ஏன் கிடைக்கவில்லை? பேன்டிங் 1878 மார்ச்சில் காலமானார். அந்த ஆண்டில் நம் நாடு எந்த நிலையில் இருந்தது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

*

1876இல் மழை பொய்த்தது. அவ்வாண்டு தமிழ்க் கணக்கில் தாது. 1878 வரை நீண்ட அப்பஞ்சத்தைத் 'தாது வருசப் பஞ்சம்' என்றே மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1877 சனவரியில் ஆய்வுக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணிகளில் உழைக்கும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கைச்செலவுக்குச் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் கல்லுடைப்பவனும் மண் சுமப்பவனும் அதை உண்டு உயிரோடிருக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது.

ஒரே பேரரசு, ஒரே பவுண்டுக் கணக்கு. தலைநகரில் செல்வர் ஒருவர் தம் உணவைத் தாமே எடை போட்டுக் குறைத்துக்கொண்டார். இங்கே அரசு எடை போட்டுக் குறைத்தது. இளைத்தல் என்ற சொல்லில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் அச்சத்தை அகராதியில் தேடிப் பயனில்லை. இத்தகைய பஞ்சங்களில் தேட வேண்டும். தம்பி மெலிந்ததைக் கண்டு அழுத அந்த அக்கா பஞ்சத்தைப் பார்த்தவரல்லர். ஆயினும் பஞ்சம் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் கையால் சோறுண்டு வளர்ந்தவர். 'இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ' என்னும் உபசாரம் அவ்வழியே வந்தது.

*

அப்பஞ்சமே கம்பம் பள்ளத்தாக்கை மாற்றியமைத்தது என்றால் மிகையாகாது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழையதே எனினும், பஞ்சத்துக்குப் பின்னரே அதற்கு வேகம் வந்தது. 1882இல் ஜான் பென்னிகுவிக் திட்டம் வகுக்கும் பொறுப்பை ஏற்றார். 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தமாயிற்று. 1887இல் தொடங்கிய அணைப்பணி நிறைவுற்று 1895 அக்டோபரில் நீர் திறக்கப்பட்டது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது அந்நீரால்தான். 2013இல் லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் எழுந்ததும், அவர் பிறந்த நாளில் இவ்வட்டாரத்தார் பொங்கல் வைப்பதும் வெறும் சடங்கல்ல. சோறு கண்ட நன்றி அது.

கம்பங்கூழும் சோளச்சோறும் கேழ்வரகுக் களியும் அன்றாட உணவாகவும், நெல்லுச்சோறு விருந்துணவாகவும் இருந்த காலம் மெல்ல மாறியது. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த நியாயவிலைக் கடை அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லாமலே கிடைக்கிறது. அரிசியைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. பசி தீர்ந்ததை எள்ளுபவன் பசியை அறியாதவன். ஆனால் கூழ் குடித்துவிட்டு நாள் முழுதும் கமலை ஓட்டிய உடம்புக்கான கரண்டிக் கணக்கு, நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற உடம்புக்கும் அப்படியே தொடர்கிறது. நாடு முழுவதும் பல்லாண்டுகள் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தார், இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப்பேர் என்று மதிப்பிட்டனர். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். 'சுகரா?' என்ற ஊராரின் கேள்வி அறியாமையால் எழுந்ததன்று. இளைப்பு என்றதும் நினைவுக்கு வரப் பஞ்சத்தின் இடத்தில் இப்போது இந்நோய் வந்து அமர்ந்திருக்கிறது.

*

அப்படியானால் அளவோடு உண்பதற்கு நம்மிடம் மரபே இல்லையா? உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் பத்தில் ஆறு குறள்கள் உணவைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்பது அவற்றின் சாரம். அந்த அளவைச் சொல்லவேண்டியது அவரவர் வயிற்றுத் தீ. தராசு அங்கே இல்லை.

மற்றொரு மரபு ராயப்பன்பட்டிக்கு மிக அருகிலேயே இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கில் 'ஒருசந்தி' என்றும் 'சுத்தபோசனம்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. நாளுக்கு ஒருவேளை மட்டும் நிறைய உண்பது ஒருசந்தி. புலால் விலக்குவது சுத்தபோசனம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நோபிலி துறவியின் கோலம் பூண்டு, நாளுக்கு ஒருவேளை மரக்கறி உணவு கொண்டு வாழ்ந்தது நாமறிந்ததே. ஒருசந்தி என்ற சொல்லைக் கிறித்தவர்கள் மட்டும் ஆளவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருப்போரும் ஆளுகின்றனர். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் இசுலாமியர் நோன்பு நோற்கின்றனர். ஆக, இப்பள்ளத்தாக்கில் உண்ணாதிருக்கத் தெரியாத சமயமே இல்லை.

இவற்றுக்கும் பேன்டிங்கின் முறைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பேன்டிங் தனியாக இருந்தார். தபசுக் காலத்திலோ வீடே ஒருசந்தி இருந்தது. அடுப்பே குறைவாக எரிந்தது. கரண்டி பிடிக்கும் கைக்கும் அன்று விரதம். 1966 பிப்ரவரியில் போப்பாண்டவர் ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தி, சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் மட்டும் ஒருசந்தியைக் கட்டாயமாக்கினார். பிற நாள்கள் அவரவர் மனச்சான்றுக்கு விடப்பட்டன. காலத்துக்கேற்ற மாற்றமே. எனினும் வீடே கூடி உணவைக் குறைத்த நாள்கள் அருகிப் போயின.

*

தனியாக முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் வரலாற்றில் இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியேரி என்ற இளைஞர் 1965-66இல் 382 நாள்கள் உணவின்றி இருந்து, 456 பவுண்டிலிருந்து 180 பவுண்டுக்கு இறங்கினார். பெரும்பகுதி நாள்களை அவர் வீட்டிலேயே கழித்தார் என்பதை மட்டும் படித்துவிட்டு வியப்பவர்கள் உண்டு. டண்டீ நகர மருத்துவர்கள் அவருடைய இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்து, உயிர்ச்சத்துகளும் பொட்டாசியமும் கொடுத்துவந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அக்காலத்தில் இவ்வாறு பட்டினிச் சிகிச்சை பெற்ற வேறு சிலர் இறந்துபோயினர். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவை விடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

தராசு ஒன்றையே நம்பவும் வேண்டியதில்லை. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்துச் சென்னை மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டவர்களில் 39 விழுக்காட்டினர் நோய்க்குள்ளாயினர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களிலோ 55 விழுக்காட்டினர். வியப்பு என்னவெனில், முன்னவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. முள் அசையாத மாதங்களிலும் உடம்பு நன்றி பாராட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

*

சென்ற முறை ராயப்பன்பட்டிக்குச் சென்றபோது ஆசிரியரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பின்னர், தாம் ஏற்கெனவே ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே கூறினார். இரவுச் சாப்பாட்டை விட்ட புதிதில், 'எடையைக் குறைக்கிறேன்' என்று அவர் சொன்னபோதெல்லாம் வீட்டில் சண்டை வந்திருக்கிறது. ஒருநாள் அலுத்துப்போய், 'ஒருசந்தி இருக்கிறேன்' என்றாராம். அதன் பிறகு ஒருவரும் வற்புறுத்தவில்லை.

அன்று அவருடைய அக்காவும் வந்திருந்தார். நமக்குப் பரிமாறிவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பியவர், கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, "இன்னைக்கும் ஒருசந்தியா தம்பி?" என்று கேட்டார். தபசுக் காலம் முடிந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அவர் தலையசைத்தார். அக்கா ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து அவர் முன்னே வைத்தார்.