கையெழுத்தும் பொய்யெழுத்தும்

கையொப்பமில்லாத ஒரு கடிதத்திலிருந்து தொடங்குவோம்.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள். மதுரையில் பதினாறு வயது மாணவர் ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துச் செல்கிறார். ‘நான்’ என்று தொடங்கிய கடிதம் சில வரிகளுக்குள் ‘இது’ என்று மாறுகிறது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கோடுகள். செப்டம்பர் முதல் நாள் அவர் திருவண்ணாமலை சேர்ந்தார். பிற்காலத்தில் உலகம் அவரை இரமணர் என்று அழைத்தது. மலையின் தென்புறத்தில் அவர் பெயரால் ஆசிரமமும் எழுந்தது.

வந்த புதிதில் அவர் பேசவில்லை. ஊரும் பேரும் தெரியாமல் நகர்வதில்லை என்று உட்கார்ந்துவிட்டார் ஓர் அலுவலக எழுத்தர். வேறு வழியின்றி இளைஞர் எழுதிக் காட்டினார்: வேங்கடராமன், திருச்சுழி. எழுதியது ஆங்கில எழுத்தில். ‘இவர் படித்தவர்’ என்று ஊர் வியந்தது அப்போதுதான் என்று வரலாறு எழுதியோர் கூறுவர்.

அவர் பக்தரைப் பற்றியோ தத்துவத்தைப் பற்றியோ இங்கு நாம் பேச வரவில்லை. நம் கேள்வி வேறு. நாளை ஒருவர் மஞ்சளேறிய தாளொன்றைக் கொண்டுவந்து, ‘இது அந்த 1896-இல் அவர் எழுதியது’ என்று நீட்டினால், மெய்யா பொய்யா என்று எப்படி அறிவது? ‘பெரியவர் எழுத்து, ஐயுறலாகாது’ என்று ஒருவர் கைகூப்புவார். ‘எல்லாம் புரட்டு’ என்று மற்றொருவர் கைவீசுவார். ஆராயாது ஏற்பதும் அறிவன்று, ஆராயாது தள்ளுவதும் அறிவன்று. ஒப்பிடுவதே அறிவு.

எதனோடு ஒப்பிடுவது? இங்குதான் முதற்பாடம். மதுரைக் கடிதம் தமிழில். திருவண்ணாமலையில் எழுதிய பெயர் ஆங்கிலத்தில். தமிழ் ‘ழ’கரத்தை ஆங்கில எழுத்தோடு எப்படிப் பொருத்துவது? ஒரே மொழி, ஒரே எழுத்து, ஏறத்தாழ ஒரே காலம்; இம்மூன்றும் ஒத்த மாதிரிகள் வேண்டும். ஒன்றல்ல, பல வேண்டும். ஏனெனில் எந்த மனிதனும் தன் பெயரை இருமுறை அச்சுப்போல் எழுதுவதில்லை. எனவே, இரண்டு கையொப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்துமானால், மகிழாதீர், ஐயுறுங்கள்! ஒன்றின்மேல் தாளை வைத்து மற்றொன்றை வரைந்திருக்கக் கூடும்.

மெய்யான கை ஓடும். பொய்யான கை ஊரும். ஓடும் எழுத்தில் கோடு தொடக்கத்தில் மெலிந்து, வளைவில் அழுந்தி, முடிவில் வீச்சோடு விடுபடும். பார்த்து வரையும் எழுத்தில் அழுத்தம் எங்கும் ஒரே சீராயிருக்கும், நடுக்கம் தெரியும், பேனா எடுக்கத் தேவையில்லாத இடத்தில் எடுத்துவைத்த தடம் தெரியும், விட்ட இடத்தைத் திருத்திப் பூசிய கோடும் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி இவற்றைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கர் ஆல்பர்ட் ஆஸ்பர்ன் 1910-இல் இத்துறைக்கென எழுதிய பெருநூல் வழக்கு மன்றங்களுக்கு வழிகாட்டியாயிற்று.

எழுத்துக்கும் வயதுண்டு. தமிழில் இதற்கு அருமையான சான்று நம் கையிலேயே இருக்கிறது. தும்பிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’களையும், கால் தனியே நில்லாது சுழிந்த பழைய ‘ணா’, ‘றா’, ‘னா’க்களையும் மாற்றி, இன்று நாம் எழுதும் வடிவத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978-இல். அப்படியானால், 1950-இல் எழுதியதாகச் சொல்லும் உயிலில் புதிய ‘லை’ இருந்தால் அது பொய்யா? பொறுங்கள், தோழர்களே! பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் அச்சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார். அவ்வேடுகளைப் படித்து எழுதப் பழகியவர் 1950-இல் அப்படி எழுதியிருக்கலாம். ஆகவே எழுத்தைப் பார்ப்பது போதாது; எழுதியவர் எங்கே, யாரிடம் எழுதக் கற்றார் என்றும் பார்த்தாக வேண்டும். 1896-ஆம் ஆண்டுக் கடிதமென்று சொல்லப்படுவதில் புதிய ‘லை’ இருந்தாலோ, அங்கே விடை வேறு!

பொய்யெழுத்து இன்று நேற்றுப் பிறந்ததன்று. சமுத்திரகுப்தன் அந்தணர் ஒருவருக்கு ஊரைத் தானம் கொடுத்ததாகக் கூறும் கயைச் செப்பேட்டை ஃப்ளீட் 1888-இல் ஆராய்ந்தார். கொடுப்பவன் அரசன், அவன் பட்டப்பெயர்கள் எழுவாயாக நிற்கவேண்டும். ஏட்டிலோ அவற்றுட் பல ஆறாம் வேற்றுமையில் நின்றன. ‘சமுத்திரகுப்தனுடைய மகன்’ என்று பின்வந்த அரசனின் சாசனத்தில் இருந்ததைப் பார்த்து எழுதியவன், உருபை மாற்ற மறந்தான்! எழுத்து வடிவங்களும் பழமையும் புதுமையும் கலந்து கிடந்தன. முத்திரை மெய், வாசகம் பொய் என்றார் ஃப்ளீட். ஊர் வேண்டியவன் அரசனின் பெயரை வேண்டினான். இலக்கணம் அவனைக் காட்டிக்கொடுத்தது.

பொய்யெழுத்தைத் தண்டித்தவர் யோக்கியதையையும் பார்ப்போமா? 1757-இல் உமிசந்தை ஏமாற்ற இரண்டு உடன்படிக்கைகள் எழுதினார் கிளைவ். வெள்ளைத்தாளில் மெய், சிவப்புத்தாளில் பொய். பொய்யில் ஒப்பமிடக் கடற்படைத் தலைவர் வாட்சன் மறுத்தார். அவர் கையொப்பத்தை வேறொருவரைக் கொண்டு போடவைத்தார் கிளைவ். 1773-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கிளைவ் நாட்டுக்குப் பெருந்தொண்டாற்றினார் என்று தீர்மானித்தது. இரண்டே ஆண்டு கழித்து, 1775-இல், வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது கையூட்டுக் குற்றம் சாட்டிய நந்தகுமார், பொய்ப்பத்திரம் தயாரித்தார் என்ற வழக்கில் கல்கத்தாவில் தூக்கிலிடப்பட்டார். ஒரே குற்றம். ஒருவருக்குப் புகழ்மாலை, மற்றவருக்குச் சுருக்குக்கயிறு!

இதிலிருந்து, ‘நிபுணர் சொன்னால் போதும்’ என்று புதியதொரு பூசாரியை ஏற்படுத்திக்கொள்ளாதீர். 1894-இல் பிரெஞ்சு நாட்டில் டிரைஃபஸ் என்ற யூத இராணுவ அதிகாரிமீது தேசத்துரோகக் குற்றம் சாட்டினர். சான்று ஒரு துண்டுத்தாள். எழுத்து நிபுணரே இருவேறு கருத்துக் கூறினர். மனித உடலை அளந்து குற்றவாளியை அடையாளம் காட்டிப் புகழ்பெற்ற பெர்ட்டியோன், வேற்றுமைகளைக் கண்டதும், ‘டிரைஃபஸ் தன் எழுத்தையே மாற்றி எழுதியிருக்கிறார்’ என்றார். ஒத்தாலும் குற்றவாளி, ஒவ்வாவிட்டாலும் குற்றவாளி! மெய்யாக எழுதியவர் எஸ்டர்ஹாசி என்ற மற்றோர் அதிகாரி. டிரைஃபசுக்கு எதிராகப் பின்னர் காட்டப்பட்ட கடிதமோ, இரு தாள்களை ஒட்டிச் செய்தது. கோடுகளின் நிறம் வேறுபட்டதை 1898-இல் விளக்கொளியில் ஒருவர் கண்டுபிடித்தார். டிரைஃபஸ் குற்றமற்றவரென்று தீர்ப்பானது 1906-இல்.

இந்தப் பாடத்தை நம் நீதிமன்றங்களும் அறியும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டமும் நிபுணர் கருத்தை ஏற்கின்றன; நீதிபதியே எழுத்தை ஒப்பிடவும் இடந்தருகின்றன. நிபுணர் கருத்தை வேறு சான்றின்றி ஏற்கவே கூடாதென்பதில்லை, ஆயினும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றது உச்சநீதிமன்றம், 1979-இல், முராரிலால் வழக்கில்.

இளந்தோழர்களே! இது ஏட்டறிவுக்கான செய்தியன்று. எழுத்தறியாத உழவனின் நிலம் ஒரு பொய்ப்பத்திரத்தில் போய்விடும். அவன் வாயால் மறுத்தாலும், ‘எழுத்து இருக்கிறதே!’ என்று ஊர் அவன் வாயை அடைக்கும். அப்போது நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்: எழுதியவர் யார்? எழுதியது எப்போது? முத்திரைத்தாள் விற்ற நாள் என்ன? சாட்சிகள் எங்கே? எழுதியதால் ஆதாயம் யாருக்கு?

மதுரைக் கடிதத்தில் ஒப்பமில்லை. ஆயினும் எவரும் ஐயுறவில்லை. கூட இருந்த இரண்டு ரூபாய், விட்டுப்போன வீடு, 1898-இல் தேடிவந்து மகனை அடையாளம் கண்ட தாய் ஆகியோர் சாட்சி சொன்னார்கள். எழுத்து ஒரு சாட்சி. மற்ற சாட்சிகளோடு நிறுத்தி அதையும் குறுக்குவிசாரணை செய்வதே பகுத்தறிவு.