நடைபாதை யாருக்கு? பகிர்வு மின்ஸ்கூட்டரின் சிறு வரலாறு

கட்டுரைப் பயிற்சியில் இந்தத் தலைப்பு ஏதோ ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது: "நகரங்களில் பகிர்வு மின்ஸ்கூட்டர்களின் நன்மை தீமைகள்." நம்ம பிள்ளைகளும் சளைக்காமல் எழுதித் தருகிறார்கள். புகை இல்லை, நெரிசல் குறையும், நேரம் மிச்சம். ஆனால் விபத்து வரும், தீப்பிடிக்கும், கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். மூன்று நன்மை, மூன்று தீமை, கடைசியில் "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு". ஒரு வகுப்புத் தாளைத் திருத்தி முடிப்பதற்குள் அமிர்தமே நமக்குக் கசந்துவிடும்.

எழுதியதில் பிழையென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப் போகிறது. நன்மை யாருக்கு? தீமை யாருக்கு? ஏறிப் போகிறவருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிட மிச்சத்தையும், அதில் ஏறவே ஏறாத ஒரு மூதாட்டி நடைபாதையில் படும் பயத்தையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? இந்த வண்டியின் வரலாற்றைப் பார்த்தால், எல்லா ஊரிலும் சண்டை வந்த இடம் ஒன்றுதான். அது நடைபாதை.

அந்தச் சண்டை சிங்கப்பூருக்குப் புதிதும் அல்ல. 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்குக் கொடுத்த கட்டளைகளில் ஒன்று, வீடுகளின் முகப்பில் கூரையிட்ட திறந்த நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது. மலாய்க்காரர்கள் 'காக்கி லீமா' என்றார்கள், நம்ம ஆட்கள் 'அஞ்சடி' என்றார்கள். நடப்பதற்காக விட்ட இடத்தில் மெல்ல மெல்லக் கடைச் சரக்கு ஏறியது. நகராட்சி அதை அகற்றப் புறப்பட்டபோது, 1888 பிப்ரவரியில் கடைக்காரர்கள் கடையை அடைத்தார்கள். தெருவில் கலவரம் வெடித்தது, டிராம் வண்டிகள் மீது கல் விழுந்தது. வரலாற்றில் அதற்கு 'வராந்தா கலவரம்' என்று பெயர். நடக்கிறவருக்கு வழி வேண்டும், பிழைக்கிறவருக்கு இடம் வேண்டும். இருவர் கேட்டதும் நியாயம்தான், இருந்ததோ ஐந்தடி. 131 ஆண்டு கழித்து மின்ஸ்கூட்டர் விஷயத்திலும் கிட்டத்தட்ட இதே காட்சியைப் பார்த்தோம்.

சரி, வண்டிக்கு வருவோம். நின்றுகொண்டே ஓட்டும் மோட்டார் ஸ்கூட்டர் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. 'ஆட்டோபெட்' என்ற பெட்ரோல் ஸ்கூட்டர் 1915இலேயே நியூயார்க்கில் விற்பனைக்கு வந்துவிட்டது. தபால் துறைகூட அதைப் பயன்படுத்திப் பார்த்தது. சில ஆண்டுகளில் மறைந்தும் போனது. நம் காலத்தில் புதிதாகச் சேர்ந்தவை மூன்று: லேசான லித்தியம் மின்கலம், கைத்தொலைபேசிச் செயலி, வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ். இந்த மூன்றும் சேர்ந்த பிறகு, வண்டியை நிலையத்தில் எடுத்து நிலையத்தில் விடவேண்டிய அவசியம் போய்விட்டது. தெருவில் எடு, தெருவில் விடு.

2017 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரில் 'பேர்ட்' நிறுவனம் இப்படித்தான் தொடங்கியது. நிறுவனர் டிராவிஸ் வேண்டர்சாண்டன் அதற்கு முன்பு ஊபரிலும் லிஃப்டிலும் இருந்தவர். 'முதலில் இறக்கு, அனுமதியைப் பிறகு பார்க்கலாம்' என்ற அந்தத் தொழிலின் பழக்கம் இங்கேயும் வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் சான் பிரான்சிஸ்கோ மக்கள் தெருவுக்கு வந்தபோது நடைபாதையில் மூன்று நிறுவனங்களின் ஸ்கூட்டர்கள் நின்றிருந்தன. நகராட்சி புதுச் சட்டம் போட்டு, ஜூன் மாதம் எல்லாவற்றையும் அகற்றச் சொன்னது; பிறகு உரிமம் கொடுத்தபோது அந்த மூவருக்கும் கொடுக்கவில்லை.

'புகை இல்லை' என்ற நன்மையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பேர்ட் முதலில் இறக்கிய வண்டிகள் சாவ்மி நிறுவனம் வீட்டு உபயோகத்துக்காகச் செய்தவை. ஒருவர் பத்திரமாக வைத்து ஓட்டவேண்டிய வண்டியை நாள் முழுக்க யார் யாரோ ஓட்டினால் எத்தனை நாள் தாங்கும்? இரவில் அவற்றைப் பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் மின்னேற்றி, விடியற்காலையில் திரும்ப வைப்பதற்கு ஆட்களை அமர்த்தி, வண்டிக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். அந்த ஆட்கள் வந்து போனது காரில்! 2019இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராலி நகரை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். கரிம வெளியீட்டில் பெரும்பங்கு வண்டி ஓடும் மின்சாரத்தில் இல்லை, வண்டியைச் செய்வதிலும் சேகரிப்பதிலும் இருந்தது. ஸ்கூட்டர் இல்லாவிட்டால் எப்படிப் போயிருப்பீர்கள் என்று கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கார் என்றார்கள். பாதிப் பேர் நடந்தோ சைக்கிளிலோ போயிருப்போம் என்றார்கள். மாணவர்கள் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகும் இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்த வண்டி எதற்குப் பதிலாக வந்தது? காருக்குப் பதிலாக என்றால் லாபம். காலுக்குப் பதிலாக என்றால்?

பாரிஸ் நகருக்கு 2018 ஜூனில் பகிர்வு ஸ்கூட்டர் வந்தது. தொடக்கத்தில் ஏகப்பட்ட நிறுவனங்கள். 2020இல் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளுக்கு 5,000 வண்டி என்று நகராட்சி வரம்பு போட்டது. வேகத்தைக் குறைத்தது, நிறுத்துமிடம் வரைந்தது. அப்படியும், 2021இல் சேன் நதிக்கரையில் நடந்துகொண்டிருந்த 31 வயது இத்தாலியப் பெண் ஒருவர், இரண்டு பேர் ஏறி வந்த ஸ்கூட்டர் மோதி இறந்துபோனார். 2023 ஏப்ரல் 2ஆம் தேதி மேயர் ஆன் இடால்கோ நகர மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார். 89 விழுக்காடு வேண்டாம் என்றது! பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. வாக்களிக்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பதிவு செய்த வாக்காளர்களில் 8 விழுக்காடுகூட இல்லை. தினமும் ஸ்கூட்டரில் போன இளையர்கள் வாக்குச்சாவடிக்கு வரவில்லை, நடைபாதையில் தடுக்கி விழப்போனவர்கள் வந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, அந்த ஆகஸ்ட் இறுதியோடு பாரிஸில் வாடகை ஸ்கூட்டர் முடிந்தது. சொந்த ஸ்கூட்டருக்குத் தடை இல்லை.

இனி நம் கதை.

சிங்கப்பூர் ஆரம்பத்தில் இந்த வண்டிக்கு எதிரியாக இருக்கவில்லை. எம்ஆர்டி நிலையத்திலிருந்து புளோக் வரைக்கும் உள்ள அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர் இருக்கிறதே, அதற்காகத்தான் கார் வாங்குகிறார்கள் என்பது அரசாங்கத்தின் கவலை. 2015இல் ஆலோசனைக் குழு அமைந்தது. 2017 ஜனவரியில் நாடாளுமன்றம் துடிப்பான நடமாட்டச் சட்டத்தை நிறைவேற்றியது, 2018 மே 1 முதல் அது நடப்புக்கு வந்தது. தனிநபர் நடமாட்டச் சாதனம் 20 கிலோவுக்கு மேல் கனக்கக் கூடாது, 70 சென்டிமீட்டருக்கு மேல் அகலக் கூடாது, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. நடைபாதையில் முதலில் 15 கிலோமீட்டர் வேகம், 2019 பிப்ரவரியிலிருந்து 10. அதாவது, நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டலாம் என்பதே அன்றைய சட்டம். இதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பகிர்வுச் சேவையில் மட்டும் அரசாங்கம் முன்கூட்டியே கையை இறுக்கியது. காரணம் ஸ்கூட்டர் அல்ல, சைக்கிள். நிலையமில்லாப் பகிர்வுச் சைக்கிள்கள் 2017இல் வந்து குவிந்து, கால்வாயிலும் புல்தரையிலும் கிடந்ததை நாம் பார்த்தோம். 2018 ஜூனில் ஓபைக் நிறுவனம் திடீரென்று சேவையை நிறுத்தியது. வண்டிகள் தெருவில், வைப்புத்தொகை கொடுத்தவர்கள் நடுத்தெருவில். அந்த ஆண்டு வந்த சட்டத் திருத்தம், பொது இடத்தில் பகிர்வு வண்டி வைக்க நிலப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் வேண்டும் என்றது. ஸ்கூட்டருக்கும் அதே விதிதான். டெலிபாட், நியூரான், பீம் என்று சிங்கப்பூரிலேயே பிறந்த நிறுவனங்கள் இருந்தும், சொந்த ஊரில் பெரிதாகக் கடைவிரிக்க அவற்றுக்கு உரிமம் கிடைக்கவில்லை.

ஆனால் சொந்த ஸ்கூட்டர் பெருகியது. 2019இல் பதிவுமுறை வந்தபோது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பதிவாயின. இதில் ஒரு பெரிய கூட்டம் உணவு விநியோகம் செய்தவர்கள். மோட்டார்சைக்கிள் உரிமம் இல்லாதவர், முழுநேர வேலைக்குப் போக முடியாதவர், இரண்டாவது வருமானம் தேடியவர் என்று பலருக்கு அது அடுப்பு எரிய வைத்த வண்டி. ஒரு வண்டியும் ஒரு கைத்தொலைபேசியும் போதும், மறுநாளே சம்பாதிக்கலாம்.

2019இல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக வீட்டில் தீ, 40 வயது ஆடவர் இறந்தார். எரிந்துபோன மூன்று மின்ஸ்கூட்டர்கள் வீட்டில் கிடந்தன. ஆகஸ்டில் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ஓட்ட நகர மன்றங்கள் தடை கொண்டுவந்தன. செப்டம்பரில் பிடோக்கில், சைக்கிளில் போன 65 வயது மாது மின்ஸ்கூட்டருடன் மோதி, சில நாளில் மருத்துவமனையில் உயிரிழந்தார். மோதிய வண்டி விதிமுறைக்கு உட்படாத வண்டி. ஆனால் அதற்குள் மக்களின் பொறுமை போய்விட்டது.

நவம்பர் 4ஆம் தேதி, போக்குவரத்து மூத்த துணை அமைச்சர் லாம் பின் மின் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்: நாளை முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் கூடாது. ஆண்டிறுதி வரை பெரும்பாலும் எச்சரிக்கை, 2020 ஜனவரி 1 முதல் பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாலையில் ஓட்ட ஏற்கெனவே தடை. மிஞ்சியது சைக்கிள் பாதை. அன்றைக்கு நடைபாதைகள் சுமார் 5,500 கிலோமீட்டர், சைக்கிள் பாதைகள் சுமார் 440 கிலோமீட்டர். வண்டியைத் தடை செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் பாதையில் பத்துப் பங்குக்கு மேல் ஒரே இரவில் போய்விட்டது. நடைபாதை இல்லாமல் பகிர்வு ஸ்கூட்டர் எங்கே ஓடும்? உரிமம் கேட்டு வந்த விண்ணப்பங்களையும் ஆணையம் நிராகரித்தது.

அடுத்த சில நாள்களில் உணவு விநியோகிப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்புக்குப் போய் நின்றார்கள். ஏறக்குறைய 7,000 பேர் இந்த வண்டியை நம்பியிருந்தார்கள். "எனக்கு இதுதான் சோறு" என்பது அவர்கள் பக்கம். "என் அம்மா கடைக்குப் போகவே பயப்படறாங்க" என்பது மறுபக்கம். அரசாங்கமும் விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி ஒதுக்கி, மின்ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சைக்கிளோ சாதாரண சைக்கிளோ வாங்க ஒருவருக்கு 1,000 வெள்ளி வரை உதவி அறிவித்தன. இதில் இருந்த சிக்கலைக் கவனியுங்கள். மின்சைக்கிளும் நடைபாதையில் போகக் கூடாது. அது போகவேண்டியது சாலையில், பேருந்துக்கும் லாரிக்கும் பக்கத்தில். நடந்து போகிறவரின் ஆபத்து குறைந்தது உண்மை. அதில் ஒரு பகுதி, சோறு கொண்டுவருகிறவரின் தலைக்கு மாறியதும் உண்மை.

தடை தவறு என்று நான் சொல்லமாட்டேன். புளோக்கின் கீழ் நடைபாதையில் பிள்ளையும் கிழவியும் பயமில்லாமல் நடக்கவேண்டும், அதில் பேரம் இல்லை. ஆனால் முதல் நாள் அறிவித்து மறுநாள் நடப்பாக்கியதும், பாதை போடுவதற்கு முன்னால் வண்டியை வரவேற்றதும் நல்ல வரிசை அல்ல. 440 கிலோமீட்டர் பாதையை வைத்துக்கொண்டு, மற்றதை "ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுங்கள்" என்ற விளம்பரத்தை நம்பி விட்டதுதான் ஆதிப் பிழை என்பது என் கருத்து. வகுப்பில் மறுத்துப் பேசுகிறவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

மலேசியாவில் வரிசை வேறு மாதிரி. பீம் போன்ற நிறுவனங்களின் ஸ்கூட்டர்கள் கோலாலம்பூரிலும் வேறு சில நகரங்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் 2021 டிசம்பரில் புதிய விதி அரசிதழில் வெளியானது. நுண்நடமாட்ட வாகனங்கள் சாலையில் ஓடத் தடை. பலருக்கு அது தெரிந்ததே 2022 ஏப்ரலில், அப்போதைய போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங் அறிவித்த பிறகுதான். நடைபாதையே சரியாக இல்லாத தாமானில் அந்த வண்டி சாலையைத் தவிர வேறு எங்கே போகும் என்று கேட்டவர்களும் உண்டு.

இங்கே இடம் கிடைக்காத நிறுவனங்கள் வெளியூர் போயின. நியூரான் ஆஸ்திரேலிய நகரங்களில் பெரிய பெயர் எடுத்தது. மெல்பர்னில் 2022இல் சோதனை தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அந்நகர மன்றம் நியூரான், லைம் இரண்டின் ஒப்பந்தத்தையும் நிறுத்த முடிவெடுத்தது. புகார் என்ன? நடைபாதையில் ஓட்டுகிறார்கள், நடைபாதையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். பேர்ட் அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டுவிட்டது.

சிங்கப்பூர் இப்போது 2030க்குள் சைக்கிள் பாதையைச் சுமார் 1,300 கிலோமீட்டராக நீட்டும் வேலையில் இருக்கிறது. சைக்கிள் பாதை பக்கத்திலேயே இருக்கும் இடங்களில், 2025 ஜூலை 1 முதல் 'பாதசாரிகளுக்கு மட்டும்' என்று குறித்த பாதையில் சைக்கிள் ஓட்டுவதும் குற்றம். 2019இல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளுக்கு மாறிய விநியோகிப்பாளர், புளோக்கை நெருங்கும்போது இன்றைக்கு அந்தப் பலகைக்கு முன்னால் இறங்கி, சாப்பாட்டுப் பையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்.