மாமா வீடு

1996 கார்த்திகையில் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் தளத்தில் குடியேறினோம். ரொறன்ரோத் தமிழில் அதற்கு ஒரே சொல்தான்: பேஸ்மென்ற். எனக்கு எட்டு வயது. அம்மா சொல்லித்தந்த முதல் கனடியப் பாடம் இது: "ஆராவது தட்டினா கதவைத் திறக்காதை. கேட்டா, இது மாமா வீடு எண்டு சொல்லு." மேலே இருந்தவர் மாமா இல்லை. மாதம் பிறந்தால் வாடகை வாங்குகிற வீட்டுக்கார அண்ணை.

ஏன் மாமா? வளர்ந்த பிறகுதான் தேடிப் படித்தேன். 1867 அரசியலமைப்பு நகரசபைகளை மாகாணத்தின் கையில் கொடுத்திருக்கிறது. மாகாணம் அவற்றுக்கு அதிகாரம் கொடுக்கும், நினைத்தால் திரும்ப எடுக்கும். ஆனால் எந்தத் தெருவில் எப்படிப்பட்ட வீடு என்பதைச் சொல்வது நகரசபையின் வலயச் சட்டம். ஸ்காபரோ போன்ற புறநகர்த் தெருக்களில் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்பதுதான் கணக்கு. சொந்தக்காரர் கீழே இருந்தால் அதே குடும்பம். தனிக் குசினியோடு வாடகைக்காரர் இருந்தால் அது இரண்டாவது வீடு. அதனால்தான் மாமா.

1994-ல் பொப் ரேயின் மாகாண அரசு இந்தக் கணக்கை உடைத்தது. தனி வீடோ, இரட்டை வீடோ, தொடர் வீடோ, உள்ளே இன்னொரு குடியிருப்பு இருக்கலாம், நகரசபை தடுக்க முடியாது என்று சட்டம் வந்தது. அடுத்த வருடமே மைக் ஹரிஸ் ஆட்சிக்கு வந்தார். 1996-ல் அந்த உரிமை போய், அதிகாரம் நகரசபைகளிடம் திரும்பியது. ஒரு விலக்கு மட்டும் மிஞ்சியது: 1995 நவம்பர் 16 அன்று ஏற்கனவே இருந்த குடியிருப்புகளை வலயச் சட்டத்தைக் காட்டி மூட முடியாது.

அந்தத் தேதியைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். எங்களுக்கு முன்பு அங்கே இன்னொரு குடும்பம் இரண்டு வருடம் இருந்தது. அப்படியென்றால் வலயச் சட்டத்துக்கு நாங்கள் பயந்திருக்கவே வேண்டாம். மாமா தேவைப்படவில்லை.

ஆனால் அந்த விலக்கு தீப்பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாது. நான் படுத்த அறையின் யன்னலுக்குள்ளால் என் பள்ளிக்கூடப் பையே போகாது. மிளகாய் பொரிக்கும்போது கத்துகிறதென்று புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் வைத்திருந்தோம். ஒருநாள் பின்னேரம் யாரோ தட்டினார்கள். லைற்றை நூர்த்துவிட்டு, அம்மாவும் நானும் மூச்சுக்காட்டாமல் இருந்தோம். வந்தவர் யாரென்று இன்றைக்கும் தெரியாது. அந்த யன்னலை அளக்க வந்தவராகவும் இருக்கலாம். யார் எங்கே குடியிருக்கலாம் என்ற விதிக்குப் பயந்து, உயிரைக் காக்கிற விதியிடமிருந்தும் ஒளித்துக்கொண்டோம்.

1998-ல் ஸ்காபரோ ரொறன்ரோவோடு இணைந்தது. 2000-ல் நகரம் முழுவதும் நிபந்தனைகளோடு இரண்டாம் குடியிருப்புக்கு அனுமதி வந்தது. 2012-லிருந்து மற்ற நகரசபைகளும் இடம்கொடுக்க வேண்டும் என்றது மாகாணம். 2022-ல் வந்த சட்டம், நகரக் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உள்ள குடியிருப்புக் காணிகளில் மூன்று குடியிருப்புகள் வரை இருக்கலாம் என்றது. அனுமதி இல்லாத பேஸ்மென்ற்றில் இருப்பவருக்கும் ஒன்ராறியோவின் வாடகைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இதை அந்த நாளில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

போன வருடம், படிக்க வந்த ஒரு தங்கச்சிக்கு அறை பார்க்கப் போனேன். வீட்டுக்கார அக்கா நல்லவர், தேத்தண்ணி தந்தார். போகும்போது மெதுவாகச் சொன்னார்: "ஆரும் கேட்டா, சொந்தக்காரர் எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

"அது பிரச்சினை இல்லை அக்கா," என்றேன். "முதல்ல யன்னலை ஒருக்கா அளக்கலாமா?"

வெளியே போக நேர்க்கதவு இல்லாத படுக்கையறை என்றால், இன்றைய கட்டட விதிப்படி யன்னலின் திறப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர் இருக்கவேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அளவு நாடா என் பைக்குள் இருந்தது.