ஹச்சி காத்திருந்தது சரி, நாங்கள்?

'ஹச்சி' படம் பார்த்து அழாத ஆக்கள் எங்கட கூட்டத்தில ஒருத்தரும் இல்லை. 2009இல் லாஸ் ஹால்ஸ்ட்ரோம் இயக்க, றிச்சர்ட் கியர் நடித்த படம். பேராசிரியர் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோகிறார். அது தெரியாத நாய், அவர் வழக்கமாக வந்திறங்கும் ரயில் நிலையத்தில் வருடக்கணக்காகக் காத்திருக்கிறது. படம் முடிந்த பிறகு உண்மையான ஹச்சியைப் பற்றித் தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க அழுகை அடங்கி, கேள்விகள் கூடிவிட்டன.

ஹச்சி 1923 நவம்பரில் ஜப்பானின் அகிட்டா மாகாணத்தில் பிறந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில், டோக்கியோவில் விவசாயப் பேராசிரியராக இருந்த உவேனோ ஹிதேசபுரோவின் வீட்டுக்கு வந்தது. 1925 மே 21ஆம் திகதி அவர் வேலையிடத்திலேயே இறந்தார். கணக்குப் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தது ஒன்றரை வருடம்கூட இல்லை. ஹச்சி ஷிபுயா நிலையத்துக்குப் போய்வந்ததோ கிட்டத்தட்ட பத்து வருடம்.

அந்தப் பத்து வருடத்தையும் படங்கள் அழகாகக் காட்டுகின்றன. உண்மை அவ்வளவு அழகில்லை. ஷிபுயாவில் அது பலருக்குத் தெருநாய்தான். விரட்டினார்கள், அடித்தார்கள். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் சைத்தோ ஹிரோகிச்சி என்ற நாய் ஆர்வலர் பத்திரிகைக்கு எழுதினார். 1932 ஒக்டோபரில் 'அசாஹி' பத்திரிகையில் செய்தி வந்தது. ஒரே நாளில் தெருநாய் 'விசுவாசமுள்ள ஹச்சி' ஆகிவிட்டது. 1934இல் சிலை திறந்தபோது ஹச்சியும் அங்கே நின்றது. தன்னுடைய சிலைத் திறப்புக்குத் தானே போன நாய் வேறு இருக்குமோ தெரியாது!

இங்கேதான் வரலாறு கசக்கத் தொடங்குகிறது. அது ஜப்பான் போருக்குள் இறங்கிக்கொண்டிருந்த காலம். பேரரசருக்குக் கேள்வி கேட்காமல் விசுவாசமாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்த காலம். ஹச்சியின் கதை பாடசாலை ஒழுக்கப் பாடப் புத்தகத்துக்குள் போனது. நாய்க்கே இவ்வளவு நன்றி இருந்தால் உனக்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதுதான் அதன் உட்பொருள். 1935 மார்ச் 8ஆம் திகதி ஹச்சி தெருவோரத்தில் இறந்துகிடந்தது. பிறகு போர் முற்றி உலோகம் தட்டுப்பட, விசுவாசத்துக்கு எழுப்பிய அந்தச் சிலையையே உருக்கினார்கள். இன்றைக்கு ஷிபுயாவில் நிற்கிறது, முதல் சிற்பியின் மகன் 1948இல் செய்த சிலை.

இன்னொருவரும் காத்திருந்தார். உவேனோவோடு வாழ்ந்த யாஎகோ. சட்டப்படி பதிவுத் திருமணம் இல்லை. அதனால் அவர் இறந்ததும் வீட்டில் இருக்க இவருக்கு உரிமை இல்லாமல் போனது. ஹச்சி கை மாறிக் கை மாறிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். யாஎகோ 1961இல் இறந்தார். 2016இல்தான் அவருடைய சாம்பல் உவேனோவின் கல்லறையில் சேர்க்கப்பட்டது. நாயின் காத்திருப்புக்கு ஒன்பது வருடத்தில் சிலை கிடைத்தது. அந்த மனுசிக்கு அவர் பக்கத்தில் ஒரு இடம் கிடைக்க 91 வருடம்.

1987இல் கோயாமா செய்ஜிரோ இயக்கிய ஜப்பானியப் படமும் சரி, 2009 படமும் சரி, கடைசியில் நாய் எசமானைத் திரும்பச் சந்திப்பதுபோல் காட்டி எங்களை ஆற்றிவிடுகின்றன. அழுதுவிட்டு எழும்பிப் போகலாம், ஒருவரும் ஒன்றுக்கும் பொறுப்பில்லை. விசுவாசமான நாயை சினிமாவுக்கு இவ்வளவு பிடிப்பதற்குக் காரணம் இதுதானோ? அது எங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை.

2023இல் சீனாவில் இதே கதையைத் திரும்ப எடுத்தார்கள். அதில் வரும் நாய்க்குட்டி, யாங்சி ஆற்றில் கட்டிய பெரிய அணைக்காக ஊர்ச்சனம் எழும்பிப் போகும்போது விடுபட்டுப்போன குட்டி. அந்தக் காட்சியில் எங்களில் சிலர் திரையைப் பார்க்கவில்லை. 1995 இடப்பெயர்வைப் பற்றி வீட்டில் கதைக்கும்போது அம்மம்மா எப்பவும் ஒரு இடத்தில் நிப்பாட்டுவா. கட்டை அவிட்டு விட்ட மாடு, படலை மட்டும் பின்னால வந்த நாய். அதுக்குப் பிறகு பேச்சு வராது.

அந்த நாய்களும் காத்துத்தான் இருந்திருக்கும். அதுகளுக்குச் சிலை இல்லை, படமும் இல்லை. விட்டுவிட்டு வந்தவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. பிள்ளைகளைத் தூக்கவே கை காணாத நேரம் அது. ஆனால் ஹச்சியைப் பார்த்து அழும்போது, 'எவ்வளவு நன்றியுள்ள நாய்' என்பதோடு நிற்காமல் இன்னொரு கேள்வியையும் கேட்கலாம். காத்திருந்தவற்றுக்கு நாங்கள் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? ஷிபுயாவில் அந்தப் பத்து வருடமும், அடித்து விரட்டாமல் ஒரு பிடி சோறு வைத்தாலே போதுமாக இருந்திருக்கும். எங்கட சந்தியில நிக்கிற நாய்க்கும் அதுதான்.